முடியவில்லை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கும். அட்டையில் பள்ளிப் பிள்ளைகள் பெயரெழுதும் கோடுகள். 'பெயர்' என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரையும், 'வகுப்பு' என்ற இடத்தில் 'சர்க்கரை' என்றும் எழுதி வைத்திருக்கிறோம். அந்த வகுப்பில் எங்களில் ஒருவர் 2006-இலும் மற்றவர் 2013-இலும் சேர்ந்தோம். ஆகவே இக்கட்டுரையில் மூத்தவர், இளையவர் என்று வருமிடங்களில் வயதைக் கொள்ளாமல் நோயின் சீனியாரிட்டியைக் கொள்ளும்படி வேண்டுகிறோம். எவர் கணவர், எவர் மனைவி என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறோம். ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்து, பிறகு இடம் மாறி உட்கார்ந்து எழுதியது இது. இதில் வரும் குற்றங்களும் அவ்வாறே இருவருக்கும் பொது.

நாங்கள் தேனாம்பேட்டைவாசிகள். எல்டாம்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். பெயரிலேயே தேன் வைத்திருக்கும் பேட்டையில் இரண்டு சர்க்கரை நோயாளிகள் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. (தேனுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, தெய்வநாயகம்பேட்டைதான் மருவியது என்று ஒரு கட்சியும், தென்னந்தோப்புகளால் வந்த பெயர் என்று மற்றொரு கட்சியும் உண்டு. எங்கள் ரத்தம் முதல் கேலியின் பக்கம்தான்.)

நோட்டில் பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள். தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, மாத்திரை, நடை. ஒன்றுவிட்டு ஒரு நாள் விரலில் குத்திப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2022 நவம்பர் நடுவில், மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், மின்சாரம் போயிருந்த நேரத்தில், செய்வதற்கு வேறொன்றுமின்றி இளையவர் அந்த நோட்டை டார்ச் வெளிச்சத்தில் புரட்டிக்கொண்டிருந்தார்.

இளையவர் பணிக்காலம் முழுவதும் தணிக்கைத் துறையில் பிறருடைய கணக்குகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவர். மூத்தவர் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். இந்த விவரம் முக்கியமானது. ஏனெனில் மூத்தவர் எழுதியிருந்த எண்கள் ஒரு தமிழாசிரியர் எழுதக்கூடிய எண்களாக இருந்தன. 118, 124, 121, 127, 119. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அமைதி. ஒரு நல்ல கதாசிரியர் நம்பகத்தன்மைக்காகச் செய்வதுபோல ஓரிடத்தில் மட்டும் 141 என்று ஏற்றி, மறுமுறையே இறக்கியிருந்தார். ஆயினும் அக்டோபர் 24-ஆம் தேதி தீபாவளி. அன்று எங்கள் வீட்டில் மைசூர்பாகு எத்தனை வில்லை தீர்ந்தது என்பது இருவருக்குமே தெரியும். அன்றைய கட்டத்தில் 122.

குளுக்கோமீட்டருக்கு ஞாபகசக்தி உண்டு. பொத்தானை அழுத்தினால் பழைய அளவுகளைத் தேதியோடு சொல்லும். அதில் மூத்தவருடைய கடைசி அளவு அக்டோபர் 6-ஆம் தேதி எடுத்தது, 263. அதற்குப் பின் நாற்பது நாள்களுக்கு ஒன்றுமே இல்லை. நோட்டில் இருந்த இருபது எண்களும் புனைவு. புத்தக அலமாரியில் கனத்த முழுத்தொகுதிகளுக்குப் பின்னால் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் ரப்பர் வளையம் போட்டு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் எவரும் தூசி தட்டாத இடம் அது. (முழுத்தொகுதிகளை நாங்கள் எத்தனை முறை எடுத்துப் படிக்கிறோம் என்பதும் அன்று அம்பலமாயிற்று.)

அன்றிரவு நடந்ததை உரையாடலாக எழுதினால் சிறுகதையாகிவிடும் என்பதால் சுருக்கிச் சொல்கிறோம். இளையவர் நிறையப் பேசினார். கண், சிறுநீரகம், கால் என்று உறுப்புகளைப் பட்டியலிட்டார். ஏன் என்று ஏழெட்டு முறை கேட்டார். மூத்தவர் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒரே சொல்தான்: "முடியல." இளையவர் அதற்குச் சொன்ன மறுமொழியும் ஒரே சொல்தான்: "சோம்பேறித்தனம்." அதன்பின் மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பேசாதிருந்த அந்த நாள்களில் இருவரும் தனித்தனியாக நினைத்துப் பார்த்ததை இப்போது சேர்த்து எழுதுகிறோம். சோர்வுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! களைப்பு, அசதி, அயர்வு, ஆயாசம், தளர்ச்சி, சலிப்பு, சோம்பல், மடி. வேலை செய்து வருவது களைப்பு. வேலை செய்யாமலே வருவது அசதி. செய்ததையே செய்வதால் வருவது சலிப்பு. செய்ய மனமில்லாதது மடி. நாற்பது ஆண்டுகளாகச் சொற்களோடு புழங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் நாங்கள், வீட்டுக்குள் ஒருவர் சோர்ந்து விழுந்தபோது கைக்கு வந்த ஒரே சொல்லை எடுத்து வீசினோம். திருக்குறளில் ஊக்கமுடைமை அறுபதாவது அதிகாரம். மடியின்மை அதற்கு அடுத்தது. ஊக்கம் இல்லையென்றால் அடுத்த பக்கத்திலேயே சோம்பல் என்று நம் மனம் பழகிவிட்டதோ என்னவோ. மருந்து என்ற அதிகாரம் 95-ஆவது. நோயினால் ஊக்கம் குன்றியவரைத் தேட அவ்வளவு தூரம் புரட்ட வேண்டியிருக்கிறது.

அந்தச் சோர்வு எப்படியிருக்கும் என்பதை மூத்தவர் பின்னர் சொன்னார். காலையில் கண் விழித்ததும் ஏற்கெனவே ஒரு முழுநாள் கழிந்துவிட்டதுபோல் இருக்கும். பல் துலக்க எழுவதற்கு முன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பல் துலக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 2018 மே மாதம் தேனாம்பேட்டை மெட்ரோ நிலையம் திறந்தபோது வேடிக்கை பார்க்கப் போய்ப் படிகளில் ஏறி இறங்கினவர், 2022-இல் நகரும் படிக்கட்டு வேலை செய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஆட்டோவைக் கூப்பிட்டார். எல்லாவற்றிலும் மோசம், புத்தகம். ஒரு நாவல் குப்புறக் கவிழ்த்தபடி நாற்காலிக் கையில் மூன்று வாரம் கிடந்தது. எடுப்பார், ஒரு பத்தியைப் படிப்பார், பத்தியின் இறுதிக்கு வருகையில் தொடக்கம் மறந்திருக்கும். மீண்டும் கவிழ்ப்பார். பார்ப்பவர்க்கு அது ஓய்வு. அவருக்கு அது அவமானம். ஒருவர் வாழ்நாள் முழுதும் தன்னை வாசகர் என்று நம்பியிருந்து, ஒரு பத்தியைக் கடக்க முடியாமற்போனால் அதை எவரிடம் சொல்வது?

மறைத்ததற்குக் காரணம் இதுதான், ஏமாற்றும் எண்ணமன்று. எண் ஒவ்வொன்றும் ஒரு தேர்வு முடிவு. 263 என்று எழுதினால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லவும் தெம்பு வேண்டும். 122 என்று எழுதினால் எவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். இன்சுலின் கண்டறியப்பட்டது 1921-இல், டொராண்டோவில். அதற்கு முன் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கு இருந்த ஒரே வழி, பட்டினிக்குச் சற்றே மேற்பட்ட உணவைக் கொடுத்து மரணத்தைத் தள்ளிப்போடுவது. அப்படித் தள்ளிப்போடப்பட்டவர்களில் ஒருவர் எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவுத் துறைச் செயலராக இருந்த சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 1922 ஆகஸ்டில் பான்டிங்கிடம் கொண்டுவரப்பட்டபோது, பதினைந்து வயது நிரம்பப்போகும் அப்பெண்ணின் எடை ஏறத்தாழ 20 கிலோ. இன்சுலினால் பிழைத்தார், படித்தார், மணம் புரிந்தார், பிள்ளைகளைப் பெற்றார், 1981 வரை வாழ்ந்தார். 40,000-க்கும் மேற்பட்ட ஊசிகள். இன்சுலினின் வரலாற்றை எழுதிய மைக்கேல் பிளிஸ் அவரைத் தேடிச் சென்றபோது தெரியவந்த செய்தி, இத்தகைய பெரும் பிழைப்புக்கு உரியவர் தம் நோயை ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் மறைத்தே வைத்திருந்தார் என்பது. மருத்துவ வரலாற்றின் மிகச்சிறந்த வெற்றிக் கதைகளில் ஒன்றாக ஊரெல்லாம் காட்டியிருக்கக்கூடியவர். அவருக்கோ நோயாளி என்று பெயரெடுக்காமல் இருப்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. மூத்தவர் இதைப் படித்துவிட்டு, "நாற்பதாயிரம் ஊசி போட்டவங்களே மறைச்சிருக்காங்க, நான் இருபது நம்பர்தானே மறைச்சேன்" என்றார். சமாதானப் பேச்சு தொடங்கியது அங்கேதான்.

நான்காம் நாள் மருத்துவரிடம் போனோம். எங்களுடைய பழைய மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டதால் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண். எங்கள் மாணவர்கள் வயதுதான் இருக்கும். போலி எண்களைப் பற்றி இளையவர் புகார் வாசித்தார். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. மூத்தவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "உடம்பு முடியலையா, இல்ல இதெல்லாம் செய்ய முடியலையா?"

தமிழாசிரியர் ஒருவரை இலக்கணத்தில் மடக்கிய கேள்வி அது. முடியவில்லை என்றால் நம் வழக்கில் உடம்பு சரியில்லை என்று ஒரு பொருள், இயலவில்லை என்று ஒரு பொருள். மூத்தவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "ரெண்டும்தான் டாக்டர்" என்றார்.

முதல் முடியவில்லைக்கு அவர் ரத்தத்தை எடுத்தார். மூன்று மாதச் சராசரி 10.4 என்று வந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கும்போது உடம்பில் ஏன் தெம்பிருக்காது என்பது எங்களுக்கு அதுவரை விளங்காத புதிர். சர்க்கரை என்பது சக்திதானே, அது ரத்தம் முழுக்க இருந்தால் ஓடியாட வேண்டாமா? இளையவர் தஞ்சைப் பக்கத்துக்காரர், அவருக்கு இது ஏரிப் பாசனமாக விளங்கிற்று. ஏரி தளும்புகிறது. வயல் வெடித்துக் கிடக்கிறது. நடுவே மடையைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி வேலைக்கு வரவில்லை, அல்லது வந்தும் அவன் குரலுக்கு மடை திறப்பதில்லை. அந்த நீர்ப்பாய்ச்சிதான் இன்சுலின். இதற்குமேல், ரத்தத்தில் சர்க்கரை 180-ஐச் சுமாராகத் தாண்டும்போது சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விடத் தொடங்குகிறது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீரிழிவு என்ற பெயர் எவ்வளவு துல்லியம்! இரவில் நான்கு முறை எழுந்து போகிறவர்க்கு உறக்கம் ஏது? உறக்கமில்லாதவர் மறுநாள் நாவலின் பத்தியைக் கடப்பது எப்படி?

ஆனால் அந்த மருத்துவர் இதோடு நிற்காமல் தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகம், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னார். பி12 தரைமட்டத்தில் இருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் எங்களைத் திகைக்க வைத்தது. மூத்தவர் பதினாறு ஆண்டுகள் ஒழுங்காக விழுங்கி வந்த மெட்ஃபார்மின் மாத்திரையே சிறுகுடலில் பி12 சேர்வதைக் குறைக்கக்கூடியது. பல ஆண்டுகள் கூடுதல் அளவில் உட்கொள்வோர்க்கும், மாமிசம் மீன் சேர்க்காத வீடுகளிலும் இது அதிகம் நேர்கிறது. ஐரோப்பாவின் ஒரு செடியிலிருந்து துப்புக் கிடைத்து, 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மனிதர்களிடம் சோதித்து வெளியிட்ட மாத்திரை அது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்குவது, விலை மலிவானது, நல்லது. மூத்தவர்க்கு அது இன்றும் தொடர்கிறது. நீண்ட காலம் உட்கொள்பவர்கள் அவ்வப்போது பி12 அளவைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. பிரிட்டன் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022-இல் இதை நினைவூட்டியது. எங்களுக்குப் பதினாறு ஆண்டுகளில் எவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே. (இதைப் படித்துவிட்டு நேரே மருந்துக் கடைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். முதலில் ரத்தத்தைப் பாருங்கள்.)

சோம்பேறித்தனம் என்று பெயரிடப்பட்டிருந்ததில் ஒரு பாதி, லேப் காகிதத்தில் ஒரு வரியாகக் கிடந்தது. இளையவர் அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், எங்கள் தலைமுறையில் கணவன் மனைவி அப்படி வாய்விட்டுக் கேட்பதில்லை. முதல் ஊசிக்கு உடன் போனார், வெளியே வந்ததும் மூத்தவருடைய பையை வாங்கித் தாம் தூக்கிக்கொண்டார்.

ஊசிகளுக்குப் பின், மாத்திரைகளும் மீண்டும் தொடர, சில வாரங்களில் காலைகள் மாறின. பத்திகள் முடிவு வரை போயின. கவிழ்த்த நாவல் நிமிர்ந்தது. இங்கே கட்டுரையை நிறுத்தியிருந்தால் நல்ல மருத்துவக் குறிப்பாக அமைந்திருக்கும். ஆனால் இரண்டாவது முடியவில்லை அப்படியே இருந்தது.

தெம்பு வந்த பின்பும் மூத்தவர் விரலைக் குத்திக்கொள்ள மனமின்றி அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மருத்துவரிடம் சொன்னபோது அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். 1995-இல் பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் வில்லியம் போலன்ஸ்கி என்ற உளவியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் உருவாக்கிய வினாத்தாள் அது. 20 கேள்விகள். மனச்சோர்வு நோய் வேறு, சர்க்கரையோடு குடித்தனம் நடத்துவதனால் மட்டுமே வரும் மனப்பாரம் வேறு என்று பிரித்து அளக்கும் முயற்சி. வருங்காலத்தைப் பற்றிய பயம், பத்தியம் மீறினால் வரும் குற்றவுணர்ச்சி, இதில் தனியாக நிற்கிறோம் என்ற எண்ணம், ஓயாது ஈடுகொடுத்ததால் வரும் எரிந்துபோன நிலை. இவை உங்களுக்கு எவ்வளவு தொல்லை தருகின்றன என்று கேட்கும்.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தாள் வாங்கி நிரப்பினோம். மூத்தவருக்கு அதிகம் வருமென்று எதிர்பார்த்தோம், வந்தது. இளையவருக்கும் ஏறத்தாழ அதேயளவு வந்ததுதான் எதிர்பாராதது.

இளையவரின் அளவுகள் எப்போதும் ஒழுங்கு. காலை ஐந்தரைக்கு நடை, பாகற்காய், எடை பார்த்த சாதம். உறவினர் கூட்டத்தில் ஊக்கத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுபவர். அந்த ஒழுங்கின் அடியில் இருந்தது அச்சம். கால் இழந்த தந்தையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தம் தட்டைக் காவல் காத்தது போதாமல் மூத்தவரின் தட்டையும் காத்தார். எத்தனை இட்லி, காபியில் எத்தனை ஸ்பூன், மாத்திரை போட்டாயிற்றா, நடந்தாயிற்றா. கேள்விகளாகவே விடிந்து கேள்விகளாகவே அடைந்தது எங்கள் வீடு. முப்பது ஆண்டுகளாகப் புத்தகங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர், சர்க்கரை வந்தபின் மாத்திரையைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்களாக ஆகியிருந்தோம். நடுவே ஒரு போலீஸ் ஸ்டேஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவர் ஏட்டு, ஒருவர் கைதி. கைதி பொய்க் கணக்கு எழுதியதில் வியப்பென்ன? ஏட்டுக்கும் உறக்கமில்லை என்பது அந்தத் தாளை நிரப்பிய பிறகுதான் கைதிக்குத் தெரிந்தது.

இதை ஒப்புக்கொள்வது போலி எண்களை ஒப்புக்கொள்வதைவிடக் கடினமாக இருந்தது. அந்தத் தாள்களை மேசையில் அருகருகே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மூத்தவர் முடியவில்லை என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று இருப்பதைச் சொன்னார். இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது. காய்ச்சல் முடியும். கால் முறிவு முடியும். இது முடியாது. முடிவே இல்லாத ஒரு வேலைக்கு நாள்தோறும் புதிதாக ஊக்கம் எங்கிருந்து எடுப்பது? வாட்ஸப்பில் உறவினர்கள் அனுப்பும் சூரியோதயப் படங்களிலிருந்தா?

ஊக்கத்தை ஒருவரின் நெஞ்சுக்குள்தான் தேட வேண்டும் என்பது தவறோ என்று எங்களுக்குத் தோன்றியது, நம் ஊரிலேயே நடந்த ஒன்றைப் படித்தபோது. கோபாலபுரத்திலிருந்து இயங்கிய சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 1990-களின் பிற்பகுதியில் நகரின் இரண்டு குடியிருப்புகளில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். ஒன்று, எங்களுக்குப் பக்கத்துத் தியாகராய நகரின் பாரதி நகர். மற்றது, திருமங்கலத்தின் ஆசியாட் காலனி. ஆசியாட் காலனிக்காரர்களுக்கு முடிவுகளைச் சொல்லி, உடற்பயிற்சியின் தேவையை விளக்கினார்கள். அதைக் கேட்டவர்கள் தாங்களே பணம் திரட்டி, குடியிருப்புக்குள் நடப்பதற்கென்று ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 59 பேர். அந்த நாற்பத்தைந்து பேருக்கும் திடீரென்று மனவுறுதி பிறந்துவிட்டதென்று நாங்கள் நம்பவில்லை. வாசலில் ஒரு பாதை இருந்தது, பாதையில் தெரிந்த முகம் இருந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை உள்ளோர் 10 கோடிக்கு மேல். இத்தனை கோடிப் பேருக்கும் தனித்தனியாக மனவுறுதி போதிக்கும் நாடு, இவர்களுக்கு எத்தனை நடைபாதைகளைத் தந்திருக்கிறது என்று அண்ணா சாலையைக் குறுக்கே கடந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்.

எங்களுக்குக் காலனிப் பூங்கா கிடையாது. தியாகராய நகரின் நடேசன் பூங்கா இருக்கிறது, அண்ணா சாலையைத் தாண்டி அரைமணி நடை. அசோகமித்திரன் உட்கார்ந்து எழுதிய பூங்கா என்பதால் அதன் சிமெண்டு இருக்கைகள் மீது எங்களுக்குப் பழைய பக்தி. அங்குவரை நடப்பது என்று திட்டமிட்டு முதல் வாரமே தோற்றோம். போய்ச் சேர்ந்தோம், திரும்ப ஆட்டோ பிடித்தோம், மறுநாள் எழவில்லை. பெரிய இலக்கு வைத்துத் தோற்பதில் எங்களுக்கு அனுபவம் நிறைய.

பிறகு மருத்துவர் சொன்னபடி சுருக்கினோம். இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம். சந்தின் முனை, எல்டாம்ஸ் சாலைப் பால் பூத், திரும்பல். அவ்வளவே. உணவுக்குப் பின் நடக்கையில் கால் தசைகள் நீர்ப்பாய்ச்சிக்குக் காத்திராமல் தாமே வரப்பை வெட்டிச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதை அளந்தே பார்த்தோம். அதே தோசை, அதே சட்னி, நடந்த இரவில் முப்பது நாற்பது குறைவாகக் காட்டிற்று. நடக்கும்போது சர்க்கரையைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஓர் உடன்படிக்கை. முதல் இரவு பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போனது உண்மை. இரண்டாம் இரவு மூத்தவர் நிமிர்த்தி வைத்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தார். அதன் கடைசிப் பகுதி வீண் என்றார். இளையவர் மறுத்தார். பால் பூத்தையும் தாண்டிப் போய்விட்டோம்.

கேள்விகளையும் குறைத்தோம். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பதில்லை. இரண்டு கண்ணாடிச் சீசாக்களில் வாரத்து மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் போடுகிறோம், கீரை ஆய்வதுபோல. சீசாவைப் பார்த்தாலே தெரியும். இளையவர் வாரத்தில் ஒரு நாள் எடை பார்க்காமல் சாதம் சாப்பிடுகிறார். தொடக்கத்தில் அதற்கு அவர் பட்ட பாடு, மூத்தவர் ஊசிக்குப் பட்டதைவிட அதிகம்.

நோட்டும் தொடர்கிறது. புது நோட்டு, அதே நாற்பது பக்கம். ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். எண் எழுத இயலாத நாளில் பொய் எண் எழுத வேண்டாம், கட்டத்தை வெறுமையாகவும் விட வேண்டாம், 'மு' என்று எழுதினால் போதும். மு என்றால் முடியவில்லை. எந்தப் பொருளில் என்று மற்றவர் கேட்கக்கூடாது. கேட்காமலே காபி கலந்து கொடுக்கலாம்.

மூத்தவரின் மூன்று மாதச் சராசரி இப்போது 7.6. மருத்துவர் 7-க்குக் கீழே வேண்டும் என்கிறார். சென்ற மாதப் பக்கத்தை இதை எழுதுமுன் எண்ணிப் பார்த்தோம். பதினைந்து கட்டங்களில் பதினொன்றில் எண். அவற்றில் ஒன்று 214, ஒரு திருமண வரவேற்புக்கு மறுநாள். நான்கில் மு. அந்த நான்கில் மூன்று மூத்தவருடையவை அல்ல, இளையவர் தம் கையால் எழுதியவை.